மறு: 1000 துண்டு டிராகன் படம், ஊதா வானத்தில் மாட்டிக்கொண்டேன்

உவர்மலைத் தம்பி, கணினியில் துண்டுகளைப் பொருத்திப் படம் சேர்க்கும் ஜிக்சா விளையாட்டில், மூன்று நாளாக அந்த ஊதா வானம் நகரவில்லை என்கிறீர்கள். கண்ணில் பிழையில்லை. உங்கள் லாப்டாப் திரை 1366×768. படம் திரை முழுக்க நிறைந்தாலும் ஒரு துண்டு ஏறக்குறைய 32 பிக்சல் சதுரம்தான். 300 துண்டாகக் குறைத்தால் 59 ஆகும்.

வானத்தைக் கடைசிக்கு விடுங்கள். நான் முதலில் டிராகனின் செதில், கோட்டை ஜன்னல் வெளிச்சம் இரண்டையும் முடிப்பேன். மிச்ச ஊதாவை நிறம் பார்க்காமல், துண்டின் ஓரத்தில் துருத்தும் குமிழை எண்ணி, இரண்டு குமிழ், மூன்று குமிழ் என்று வடிவம் பார்த்து ஓரமாகக் குவிப்பேன். அப்புறம் ஒரு இடத்துக்கு ஒரு குவியலில் மட்டும் தேடினால் போதும். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியைப் போட்டு விளையாடுகிறீர்களா? அணையுங்கள், அது நீலத்தைத் தின்றுவிடும்.

லாப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தால் பலபெலி என்ற ஜிக்சா மென்பொருள் நல்லது, இலவசம். கரண்ட் போனாலும் சேர்த்தது அழியாது. நீங்கள் எடுத்த சுவாமி மலைப் படத்தையும் வெட்டித் தரும்.