கரண்ட் போனால் ரேம் மறக்கிறது, பென் டிரைவ் மறப்பதில்லை, ஏன்?

கேள்வி: ரேம், பென் டிரைவ் இரண்டுமே சிலிக்கான் சிப்தான். கரண்ட் போனதும் ரேம் மட்டும் ஏன் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது? பென் டிரைவில் போட்டோக்களைப் போட்டு பீரோவில் வைத்துவிடலாமா?

ரேம் தற்காலிகம், பென் டிரைவ் நிரந்தரம் என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கும். பரீட்சைக்கு அது போதும். உண்மையில் இரண்டுமே கசியும். ஒன்று மில்லிசெகண்ட் கணக்கில், இன்னொன்று வருடக் கணக்கில்.

உங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜிபி என்று போட்டிருப்பது டிரேம் என்ற வகை ரேம். அதில் ஒரு பிட்டுக்கு (அதாவது ஒரு 0 அல்லது 1-க்கு) திறந்து மூடும் சுவிட்ச்சாக ஒரு டிரான்சிஸ்டர், மின்னூட்டத்தைப் பிடித்து வைக்க ஒரு கெபாசிட்டர், அவ்வளவுதான். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டெனார்டின் யோசனை இது; 1968-ல் காப்புரிமை கிடைத்தது. கெபாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மின்னூட்டம் என்றாலும் சில பத்தாயிரம் எலெக்ட்ரான்கள்தான். டிரான்சிஸ்டரை அணைத்தே வைத்திருந்தாலும் அவை கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்த கதைதான். அதனால் 64 மில்லிசெகண்டுக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை படித்து, படித்ததையே திரும்ப நிரப்பியாக வேண்டும். நீங்கள் எதையும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இந்த வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது. 8 ஜிபி என்றால் ஏறக்குறைய 6,900 கோடி கெபாசிட்டர்கள்!

இன்னொரு வேடிக்கை, டிரேமில் படிப்பதே அழிப்பதுதான். படிக்கும் கம்பியை முதலில் பாதி வோல்டேஜில் வைப்பார்கள். பிறகு டிரான்சிஸ்டரைத் திறந்தால் கெபாசிட்டரில் உள்ளது கம்பியில் கலந்துவிடும். வோல்டேஜ் ஒரு துளி ஏறினால் 1, இறங்கினால் 0. அந்தத் துளி வித்தியாசத்தை சென்ஸ் ஆம்ப்ளிஃபையர் பிடித்து, முழு அளவுக்குத் தள்ளி, அதே கெபாசிட்டருக்குத் திருப்பி அனுப்பும். படிப்பு, அழிப்பு, எழுத்து மூன்றும் ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

சரி, கரண்ட் போன நொடியே ரேம் காலியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 64 மில்லிசெகண்ட் என்பது மோசமான செல்லையும் (ஒரு பிட் இருக்கும் இடம்தான் செல்) கணக்கில் எடுத்துப் போட்ட கெடு; பெரும்பாலான செல்கள் அதைவிட நேரம் தாங்கும். குளிரில் கசிவு இன்னும் குறையும். 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூசி தட்டும் ஸ்ப்ரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ரேமை மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்வித்துக் கழற்றினார்கள். 10 நிமிடம் கழித்தும் அநேகமாக எல்லா பிட்டும் அப்படியே இருந்தன. டிஸ்க்கைப் பூட்டும் ரகசியச் சாவிகளை அதிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள்.

பிராசசருக்குள் கேஷாக, அதாவது அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் சின்ன நினைவகமாக, இருக்கும் எஸ்ரேம் வேறு சாதி. அங்கே கெபாசிட்டர் இல்லை. ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர்கள். நடுவில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு இன்வெர்ட்டர்கள் (வீட்டு இன்வெர்ட்டர் இல்லை, 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் சுற்று). திரும்ப நிரப்பும் வேலையே இல்லை, வேகமும் அதிகம். ஆனால் சப்ளை இல்லாவிட்டால் பிடி விட்டுவிடும். இடமும் நிறைய பிடிக்கும், விலையும் கூட; அதனால்தான் கேஷ் எம்பி கணக்கிலேயே நிற்கிறது. பழைய மதர்போர்டில் அந்தச் சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்தால் பயாஸ் செட்டிங் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது பார்க்கும் அமைப்புகள்) எல்லாம் போய்விடுமே, அங்கும் இதே கதைதான்.

இப்போது பென் டிரைவ். எலெக்ட்ரானைச் சுற்றி எல்லாப் பக்கமும் மின்சாரத்தைக் கடத்தாத ஆக்சைடு சுவர் எழுப்பிவிட்டால் அது எங்கே போகும்? மிதக்கும் கேட் என்ற இந்த அமைப்பை பெல் லேப்ஸில் தாவோன் காங், சைமன் சே இருவரும் 1967-ல் சொன்னார்கள். 1971-ல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் இதே வழியில் ஈப்ராம் என்ற, அழித்துவிட்டுத் திரும்ப எழுதக்கூடிய சிப்பைச் செய்தார். சிப்பின் தலையில் வட்டமாக ஒரு குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும். அதன்வழியே 20 நிமிடம் புற ஊதா ஒளி காட்டினால் எலெக்ட்ரான்கள் வெளியேறி சிப் காலியாகும். எழுதி முடித்த சிப்பின் ஜன்னலில் ஸ்டிக்கர் ஒட்டுவது அழகுக்கு இல்லை: நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே அழிந்துவிடலாம் என்று அதன் டேட்டாஷீட்டிலேயே எழுதியிருப்பார்கள்.

ஒளிக்குப் பதில் மின்சாரத்தாலேயே, அதுவும் கொத்துக் கொத்தாக அழிக்கும் வழியை தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கொண்டுவந்தார். அதுதான் ஃப்ளாஷ். பென் டிரைவில் இருக்கும் நாண்ட் வகை ஃப்ளாஷில் 20 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்தால் சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடைத் துளைத்துக்கொண்டு எலெக்ட்ரான்கள் உள்ளே போகும். அவை உள்ளே இருந்தால் அந்த டிரான்சிஸ்டரை ஆன் செய்ய அதிக வோல்டேஜ் தேவைப்படும். அதை அளந்துதான் படிக்கிறார்கள், எலெக்ட்ரானைத் தொடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை எழுதி அழிக்கும்போதும் சுவர் கொஞ்சம் பழுதாகிறது. விலை குறைக்க ஒரே செல்லில் 4 பிட் திணித்தால் 16 அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். அங்கே கொஞ்சம் கசிந்தாலே கணக்கு தப்பும்.

பீரோ விஷயத்துக்கு வருகிறேன். புது பென் டிரைவ், நல்ல தரம், சூடு இல்லாத இடம் என்றால் சில வருடங்களுக்கு நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் கல்யாண ஆல்பத்தின் ஒரே பிரதி அதில் மட்டும் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பென் டிரைவில் உள்ளதைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து, டிரைவைக் காலிசெய்து, திரும்ப எழுதுங்கள். சும்மா செருகிப் பார்த்துவிட்டு எடுத்தால் எலெக்ட்ரான் நிரம்பாது.