பேரிடரில் சாப்பாடும் கூடாரமும்தானே முதலில்? பிரசவம், மாதவிடாய் எல்லாம் அப்புறம் பார்க்கக் கூடாதா?

செவிலியராக முதல்முறை நிவாரண முகாமுக்குப் போனபோது நானும் இப்படித்தான் நினைத்தேன். அன்று ராத்திரியே ஒரு பெண்ணுக்குப் பனிக்குடம் உடைந்தது. உணவுப் பொட்டலங்கள் மலைபோல் குவிந்திருந்தன. தொப்புள்கொடியை அறுக்க ஒரு புது பிளேடுக்குத்தான் ஆளாளுக்கு அலைந்தோம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். உள்ளூர்ப் புள்ளிவிவரம் கிடைக்காதபோது, ஆயிரம் பேருக்கு வருடம் 40 பிரசவம் என்று வைத்துக்கொள்வார்கள். 10,000 பேர் தங்கிய இடத்தில் கிட்டத்தட்ட தினம் ஒன்று. அதில் 15 சதவீதம் சிக்கலாகும் என்பது பொதுவான மதிப்பீடு. மாதம் ஐந்து பேர். அந்த ஐந்து பேர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனை எது, நடுராத்திரியில் வண்டி யார் ஓட்டுவது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

1990களின் நடுவிலேயே ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து இதற்கென்று 'குறைந்தபட்ச ஆரம்ப சேவைத் தொகுப்பு' ஒன்றை வகுத்துவிட்டன. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது அதன் விதி. அதில் வரும் பிரசவப் பை ரொம்ப எளிமையானது: விரிக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட், சோப்பு, பிளேடு, கொடியைக் கட்ட நூல், துணி, கையுறை.

பயப்பட வேண்டியது பிரசவத்துக்குப் பிறகு வரும் உதிரப்போக்குக்கு. நன்றாக இருந்தவள் சில மணி நேரத்தில் போய்விடுவாள். அதைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மின்சாரமே இல்லாத இடத்தில் எங்கே வைப்பது? குளிர் தேவைப்படாத மிசோப்ரோஸ்டால் மாத்திரை அங்கேதான் கைகொடுக்கிறது. வெப்பம் தாங்கும் கார்பெடோசின் ஊசியும் இப்போது இருக்கிறது.

பாலியல் வன்முறையைப் பற்றிப் பேசவே பலர் தயங்குகிறார்கள். "புகார் எதுவும் வரலையே" என்பார்கள். வராது, யாரிடம் போய்ச் சொல்வது என்றே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நடக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் மருந்தைத் தயாராக வைக்க வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ளும், அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாளுக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வழக்கமான கருத்தடை மாத்திரையையும் தயாராக வைக்க வேண்டும்: வீட்டை விட்டு ஓடும்போது அதை யாரும் எடுத்து வருவதில்லை, தீர்ந்த மறுநாளே தேவைப்படும்.

நீங்கள் உதவி அனுப்புபவராக இருந்தால், தயவுசெய்து பால் பவுடர் டப்பாக்களைக் கண்டபடி அனுப்பாதீர்கள். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் அதைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, தாய்ப்பாலும் குறைந்துபோகும். அது உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைக்கு மருத்துவக் குழு பார்த்துக் கொடுக்கட்டும். நீங்கள் நாப்கின், உள்ளாடை, டார்ச் லைட் அனுப்புங்கள். கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். இருட்டில் போகப் பயந்து, சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்த கர்ப்பிணிகளை நான் பார்த்திருக்கிறேன்.