சிப் கம்பெனியும் கார்டு கம்பெனியும்: கேள்வி பதில்

கேள்வி: கிராபிக்ஸ் கார்டு செய்யும் அசூஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் எல்லாம் பெரிய கம்பெனிகள்தானே சார்? சிப் கம்பெனியான என்விடியா சொல்வதற்கெல்லாம் ஏன் தலையாட்டுகிறார்கள்?

பதில்: அந்த சிப்பை வேறு யாரிடமும் வாங்க முடியாது. ஜான் பெடி ரிசர்ச் கணக்கின்படி, தனி கிராபிக்ஸ் கார்டு சந்தையில் 2025-இல் என்விடியாவின் பங்கு 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிப்போடு மெமரியும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். கார்டின் அடக்க விலையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். போர்டு, சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம், சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க், ஃபேன், பெட்டி, வாரண்டி இவைதான் கார்டு கம்பெனி கையில் மிஞ்சுபவை. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் இவற்றில்தான் கை வைக்க முடியும். ஒரே சிப் இருந்தும் மலிவு மாடல் அதிகம் சூடாகிறதா? ஹீட்சிங்கில் சூட்டைக் கடத்தும் ஹீட்பைப் குழாய்களை எண்ணிப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும்.

கேள்வி: என்விடியா சிப்பில் கார்டு செய்துவந்த ஈவிஜிஏ ஏன் அந்தத் தொழிலிலிருந்து விலகியது?

பதில்: 2022 செப்டம்பரில் விலகினார்கள். வருமானத்தில் சுமார் 80 சதவீதம் தந்த தொழிலையே விட்டார்கள் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். என்விடியா மேடையில் அறிவிக்கும்வரை விலை தங்களுக்கே தெரியாது என்பது அவர்களுடைய முக்கியக் குறை. ஆனால் கூலரையும் பெட்டியையும் அதற்கு முன்பே ஆர்டர் செய்தாக வேண்டும். இதற்கு மேல், சிப் விற்பவரே ஃபவுண்டர்ஸ் எடிஷன் என்று சொந்தக் கார்டோடு போட்டிக்கு நிற்கிறார். 2022 மார்ச்சில் 1,999 டாலருக்கு வந்த 3090 டிஐ ஃபவுண்டர்ஸ் எடிஷன், ஆறே மாதத்துக்குள் 1,099 டாலருக்கு விற்றது. பழைய விலையில் சிப் வாங்கிக் கார்டு செய்து வைத்திருந்தவர் கதியை என்ன சொல்ல!

கேள்வி: ஓவர்கிளாக் செய்ய, அதாவது சிப்பை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, வோல்டேஜை ஏன் திறந்துவிட மாட்டேன் என்கிறார்கள்?

பதில்: வரம்பு வைப்பது என்விடியா. 2012-இல் ஈவிஜிஏவின் ஜிடிஎக்ஸ் 680 கிளாசிஃபைட் கார்டில், வோல்டேஜ் மாற்றும் ஈவிபாட் கருவிக்கென்று ஒரு போர்ட் இருந்தது. அதே மாடலில் பின்னால் தயாரான கார்டுகளில் அந்தப் போர்ட்டையே எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: பேசாமல் போட்டி சிப் கம்பெனியான ஏஎம்டி பக்கம் போய்விடலாமே?

பதில்: எக்ஸ்எஃப்எக்ஸ் என்ற கார்டு கம்பெனி போனது. இரண்டு பக்கமும் இருப்பதுதான் கஷ்டம். 2018-இல் என்விடியா தன் ஜீஃபோர்ஸ் சிப்புகளுக்காக ஜீஃபோர்ஸ் பார்ட்னர் புரோகிராம் என்று ஒன்று கொண்டுவந்தது. அதில் சேர்ந்தால் உங்கள் கேமிங் பிராண்டு ஜீஃபோர்ஸுக்கு மட்டும்தான் என்பது நிபந்தனை என்று செய்தி வெளியானது. அசூஸும் ஏஎம்டியின் ரேடியான் சிப் போட்ட கார்டுகளுக்கென்று அரெஸ் என்று புதுப் பெயர் வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதம் திட்டத்தைக் கைவிட்டார்கள். எல்லாவற்றிலும் மோசமானது இதுதான் என்பேன். அந்தப் பிராண்டு கார்டு கம்பெனி தன் காசைப் போட்டு வளர்த்த பெயர்.

கேள்வி: பார்ட்னர்களான கார்டு கம்பெனிகளைக் கைவிட்ட பழைய சிப் கம்பெனி 3டிஎஃப்எக்ஸின் கதை என்விடியாவுக்கும் வராதா?

பதில்: 3டிஎஃப்எக்ஸ் 1998 கடைசியில் எஸ்டிபி என்ற கார்டு கம்பெனியை வாங்குவதாக அறிவித்து, தானே கார்டு செய்யக் கிளம்பியது. போர்டு கம்பெனிகள் என்விடியாவிடம் போய்விட்டன. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்தை அதே என்விடியாவிடம் விற்க ஒப்புக்கொண்டது. அன்று கோபித்துக்கொண்டு போக இன்னொரு கதவு திறந்திருந்தது. இன்று அந்த அளவுக்கு விற்றுக்கொடுக்கும் சிப் வேறு யாரிடம் இருக்கிறது?