டிரைவருக்கு பவுடர் பூசிப் பாருங்க: கோல்ஃப் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வியில முக்காவாசி கிளப், அதாவது பால் அடிக்கற மட்டை, வாங்கறது பத்திதான். முதல்லயே சொல்லிடறேன், நான் ப்ரோ எல்லாம் இல்ல, 17 ஹேண்டிகேப், அதாவது ஒரு ரவுண்டுக்கு கோர்ஸ் கணக்கை விட 17 ஷாட் கிட்ட கூட அடிக்கற ஆசாமி. ஆனா கிளப்பை வாங்கி, வித்து, கிரிப்பை கிழிச்சு, ஒட்டி, வீட்ல திட்டு வாங்கின அனுபவம் நிறைய இருக்கு. ரைட் ஹேண்ட் ஆட்டக்காரங்களை மனசுல வச்சுத்தான் பதில் எழுதியிருக்கேன், இடது கைக்காரங்க அப்படியே திருப்பி படிச்சுக்கோங்க.

ஒரு வருஷமா ஆடறேன் சார். டிரைவர், அதான் ரொம்ப தூரம் அடிக்கற பெரிய தலை கிளப், அதை எடுத்தாலே ஸ்லைஸ், பால் வலது பக்கம் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு போயிடுது. கடையில சிமுலேட்டர்ல புது டிரைவர் அடிக்க விட்டாங்க, 262 யார்டு காட்டுச்சு. லாஃப்ட், அதாவது ஃபேஸ் மேல் பக்கம் சாயற அளவு, 9 டிகிரி, ஸ்டிஃப் ஷாஃப்ட், அதாவது விறைப்பான தண்டு. வாங்கிடலாமா? (ஐடி ஊழியர், சென்னை)

அந்த 262 எத்தனையாவது ஷாட்ல வந்துச்சு தம்பி? நீங்க எழுதல, ஆனா எனக்கு தெரியும், ஏன்னா நானும் இதே மாதிரி ஏமாந்தவன். முப்பது பால் அடிச்சேன், அதுல ஒண்ணு ராக்கெட் மாதிரி போச்சு, கூட நின்னவர் "சார், இது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு"ன்னு சொன்னாரு, அவ்வளவுதான், கார்டை நீட்டிட்டேன். மிச்ச 29 பால் எங்க போச்சுன்னு நானும் கேக்கல அவரும் சொல்லல. எட்டு மாசம் கழிச்சு பாதி விலைக்கு வித்தேன்.

புதுசு வாங்கறதுக்கு முன்னாடி உங்க பழைய டிரைவரை எடுங்க, ஃபேஸ்ல, அதாவது பால் படற பக்கத்துல, பாதத்துக்கு அடிக்கற பவுடர் ஸ்ப்ரேயை லேசா அடிங்க. அது இல்லன்னா வீட்ல இருக்கற டால்கம் பவுடரை ஈரத்துணியில தொட்டு பூசினாலும் சுமாரா ஒட்டும். ஒவ்வொரு பாலுக்கும் பவுடர்ல ஒரு வட்டம் விழும். பத்து பால் அடிச்சிட்டு வட்டமெல்லாம் எங்க கூட்டமா இருக்குன்னு பாருங்க. ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் பக்கம் கூட்டம் இருந்தா உங்க ஸ்லைஸுக்கு பாதி காரணம் அங்கயே இருக்கு. டிரைவர் தலையோட எடை மையம் ஃபேஸுக்கு நல்லா பின்னாடி இருக்கறதால, நடுவுல படலன்னா தலை திரும்பும், ஹீல்ல பட்டா பாலுக்கு வலது பக்க சுழற்சி ஏறும், டோல, அதாவது எதிர் முனையில பட்டா இடது பக்க சுழற்சி. இதுக்கு புது டிரைவர் தேவையே இல்ல, கிரிப்பை ஒரு இஞ்ச் கீழ பிடிச்சு இன்னொரு பத்து அடிங்க. வட்டம் நடுவுக்கு நகர்ந்துச்சுன்னா உங்களுக்கு இப்ப இருக்கற நீளம் ஜாஸ்தின்னு அர்த்தம். கடையில வர்ற டிரைவர் பெரும்பாலும் 45 இஞ்சுக்கு மேலதான் இருக்கும், நம்மள மாதிரி ஆளுக்கு 44 போதும். ஆனா உடனே ரம்பம் எடுத்துடாதீங்க, அரை இஞ்ச் வெட்டினா ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது கிளப் தலை எவ்வளவு கனமா தெரியுதுங்கற அளவு, ஏறக்குறைய 3 பாயிண்ட் குறைஞ்சு தலை காத்து மாதிரி ஆயிடும், அப்புறம் தலையில லெட் டேப் (ஈய டேப்) ஒட்டி சரிக்கட்டணும். 2 கிராம் ஒட்டினா ஒரு பாயிண்ட்னு தோராய கணக்கு.

வட்டமெல்லாம் நடுவுலதான் இருக்கு, ஆனாலும் ஸ்லைஸ்னா ஃபேஸ் திறந்து, அதாவது வலது பக்கம் பார்த்து வருதுன்னு அர்த்தம், அது கோச்சுக்கு வேலை. நடுவுல ஒண்ணு செஞ்சு பாக்கலாம், உங்க டிரைவர் கழுத்துல லாஃப்ட் மாத்தற ஸ்லீவ் இருந்தா 1 டிகிரி ஏத்தி வைங்க, லாஃப்ட் ஏறும்போது ஃபேஸும் கொஞ்சம் மூடும். ரவுண்டுக்கு முன்னாடி மாத்திக்கணும், ஆடிட்டு இருக்கும்போது நடுவுல திருகக் கூடாது, அது ரூல்.

இப்ப கடைக்கு வாங்க. கடைக்காரரை கேளுங்க, 262ங்கறது கேரியா (காத்துல பறந்தது மட்டும்) டோட்டலான்னு (தரையில உருண்டதையும் சேர்த்து). தரை எவ்வளவு கெட்டின்னு சிமுலேட்டர்ல செட் பண்ணலாம், கடல் மட்டத்துல இருந்து எவ்வளவு உயரம்னும் செட் பண்ணலாம், ரெண்டையும் கொஞ்சம் தூக்கி விட்டா எல்லாரும் ஹீரோதான். உங்க ஸ்விங் ஸ்பீடு மணிக்கு 90 மைல்னு வைங்க, கேரி 200, 210 யார்டு வந்தாலே அது நல்ல அடி. பால் ஸ்பீடை கிளப் ஸ்பீடால வகுத்து பாருங்க, அதுக்கு பேரு ஸ்மாஷ் ஃபேக்டர், டிரைவருக்கு 1.5 கிட்டதான் உச்சம். 90க்கு 135 வரணும், உங்களுக்கு 122தான் வருதுன்னா கிளப் மேல குத்தமில்ல, நடுவுல படலன்னு அர்த்தம்.

அடுத்த தடவை பழைய டிரைவரையும் கையோட கொண்டு போங்க. பழசுல 5, புதுசுல 5, திரும்ப பழசுல 5னு மாத்தி மாத்தி அடிங்க, ஒரே பால்ல. மோசமான ஷாட்டை அழிக்க விடாதீங்க. "அது கணக்குல வேணாம் சார்"னு டெலிட் பண்ணுவாங்க பாருங்க, கோர்ஸ்ல யாரு டெலிட் பண்ணித் தருவா? சராசரியையும் இடது வலது அகலத்தையும் பாருங்க. 8 யார்டு குறைஞ்சாலும் பரவால்ல, அகலம் 60ல இருந்து 40க்கு வந்தா அந்த கிளப்பை வாங்குங்க.

9 டிகிரியும் ஸ்டிஃப்பும் உங்களுக்கு எதுக்குன்னு எனக்கு புரியல. ஸ்டிஃப்னு எல்லா கம்பெனிக்கும் பொதுவா ஒரு அளவு கிடையாது, ஒருத்தர் ஸ்டிஃப் இன்னொருத்தர் ரெகுலர் மாதிரி இருக்கும். 95 மைலுக்கு கீழன்னா ரெகுலர்ல ஆரம்பிங்க, 10.5 இல்ல 12 டிகிரி எடுங்க. 12ன்னு எழுதியிருந்தா ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்ணுவாங்கன்னா பை தூக்கி வர்ற கேடிகிட்ட சொல்லி எப்பவும் கவர் போட்டு வைங்க.

என் உயரம் 5 அடி 8 அங்குலம், காலேஜ்ல வாலிபால் ஆடினவ. கடையில கேக்காமலே லேடீஸ் செட்டை எடுத்து நீட்டறாங்க. அதையே வாங்கலாமா? (வாசகி, கோவை)

வேணாம்மா. லேடீஸ் செட்னா வழக்கமா ஆம்பளைங்க செட்டை விட 1 இஞ்ச் குட்டை, எடை கம்மி, ஷாஃப்ட் ரொம்ப வளையும். கிளப்புக்கு நீங்க பொம்பளையா ஆம்பளையான்னு தெரியாது, உங்க கை தரையில இருந்து எவ்வளவு உயரத்துல இருக்கு, எவ்வளவு வேகமா வீசறீங்கங்கறதுதான் அதுக்கு தெரியும். ஷூ போட்டு நேரா நில்லுங்க, கையை தொங்க விடுங்க, மணிக்கட்டு மடிப்புல இருந்து தரை வரைக்கும் டேப் வச்சு அளக்க சொல்லுங்க. அந்த அளவையும் உயரத்தையும் சேர்த்து பார்க்கற சார்ட் ஃபிட்டிங் பண்றவங்க எல்லார்கிட்டயும் இருக்கும். வாலிபால் ஸ்மாஷ் அடிச்ச தோள்னா ஸ்பீடு 75 மைலை தாண்டினா நான் ஆச்சரியப்பட மாட்டேன், அப்ப ஷாஃப்ட் விறைப்புல சீனியர் ஃப்ளெக்ஸ் இல்ல லைட் ரெகுலர் ட்ரை பண்ணுங்க. சீனியர்னு பேரை பார்த்து கோச்சுக்காதீங்க. கிரிப் மட்டும் உங்க கை அளவுக்கு பார்த்து போட்டுக்கோங்க.

என் ஃப்ரெண்ட் 7 அயர்ன்ல (நடு தூரத்துக்கு அடிக்கற இரும்புத்தலை கிளப்) 165 யார்டு அடிக்கறான், நான் 140தான். ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்பீடு, அளந்து பார்த்துட்டோம். கிளப்பை மாத்தட்டுமா? (கோலாலம்பூர்)

அவரு கிளப்பை வாங்கி லாஃப்டை பாருங்க. 90கள்ல 7 அயர்ன்னா 34, 35 டிகிரி இருக்கும். இப்ப வர்ற கேம் இம்ப்ரூவ்மென்ட் செட்ல, அதாவது நம்மள மாதிரி ஆளுங்க ஈசியா அடிக்கறதுக்குன்னு செஞ்ச செட்ல, 28, 29 டிகிரிக்கெல்லாம் 7ன்னு நம்பர் குத்தி விடறாங்க, அது பழைய கணக்குல 5 அயர்ன். தலையில எடையை கீழ தள்ளி டிசைன் பண்றதால பால் உயரமா போகுது, அதனால முழு ஏமாத்துன்னும் சொல்ல முடியாது. ஆனா அந்த செட்ல கிட்ட தூரத்துக்கு எடுக்கற பிட்சிங் வெட்ஜே 43 டிகிரி இருக்கும், அடுத்து நேரா 56 சாண்ட் வெட்ஜ்னா நடுவுல 13 டிகிரி ஓட்டை, 100 யார்டுல என்ன எடுக்கறதுன்னு முழிப்பாரு. நடுவுக்கு ஒரு வெட்ஜ், ஏன் ரெண்டு கூட வாங்க வேண்டி வரும், பையில 14க்கு மேல வைக்கவும் கூடாது. நீங்க 140யோட நிம்மதியா இருங்க.

கிரிப் எல்லாம் சோப்பு மாதிரி வழுக்குது. வீட்லயே மாத்த முடியுமா? (தூத்துக்குடி)

முடியும், எனக்கு இதுல ஒரு தனி சந்தோஷம் உண்டு. முதல்ல நிஜமாவே தேய்ஞ்சதா வெறும் அழுக்கான்னு பாருங்க, நம்ம ஊரு வேர்வைக்கு ரெண்டு மாசத்துல எண்ணெய் படிஞ்சிடும். பாத்திரம் கழுவற சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி, பழைய டூத் பிரஷ், தேய்ச்சு நிழல்ல காய வைங்க. அப்பவும் பளபளன்னு கல்லு மாதிரி இருந்தா மாத்தற நேரம்தான். கார் டிக்கியில வெயில்ல வேகவிட்டா சீக்கிரமே இந்த கதிதான்.

பழசை வெட்ட கொக்கி மாதிரி வளைஞ்ச பிளேடு வாங்கிக்கோங்க, சாதா பிளேடு கிராஃபைட் ஷாஃப்டை கீறிடும், கீறின இடத்துல ஒரு நாள் பட்டுன்னு முறியும். உங்க உடம்புக்கு எதிர்ப்பக்கமா இழுங்க. பழைய டேப்பை ஹேர் டிரையர் சூடு காட்டினா உரிச்சிடலாம். ரெண்டு பக்கமும் பசை இருக்கற டேப்பை ஷாஃப்ட்ல கிரிப் நீளத்துக்கு ஒட்டி, மேல அரை இஞ்ச் விட்டு, அதை முறுக்கி ஓட்டைக்குள்ள திணிச்சிடுங்க. புது கிரிப்போட அடி ஓட்டையை விரலால அடைச்சுட்டு டர்பன்டைன் ஊத்தி குலுக்கி, அதையே டேப் மேல முழுக்க ஊத்துங்க, கீழ ஒரு பழைய தட்டு வைக்க மறக்காதீங்க. இப்பதான் முக்கியமான அஞ்சு செகண்டு, கிரிப் வாயை அமுக்கி ஷாஃப்ட்ல மாட்டி ஒரே தள்ளு. யோசிச்சுட்டு நின்னீங்கன்னா பாதியில மாட்டிக்கும், முன்னாடியும் போகாது பின்னாடியும் வராது, என் முதல் கிரிப் அப்படித்தான் போச்சு. உள்ள போனதும் கோடு நேரா இருக்கான்னு பார்த்து லேசா திருப்பி வச்சு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. டர்பன்டைனும் தீப்பிடிக்கறதுதான், அதனால ஜன்னலை திறந்து வச்சு அடுப்புக்கு தூரமா உக்காந்து செய்யுங்க. பெட்ரோல் ஊத்தியும் சில பேர் செய்யறாங்க, தயவுசெஞ்சு வேணாம்.

சைஸ்: கிளப்பை பிடிச்சா இடது கை நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கை சதையை லேசா தொடணும். குத்தினா கிரிப் ஒல்லி, தொடவே இல்லன்னா தடி. ஒல்லியா இருந்தா அடியில டேப் இன்னொரு சுத்து சுத்துங்க.

சிங்கப்பூர்ல செகண்ட் ஹேண்ட் அயர்ன் செட் வாங்கினேன். நல்லா பட்டாலும் இடது பக்கமே போகுது. லை ஆங்கிள்னு சொல்றாங்க, அது என்ன, எப்படி தெரிஞ்சுக்கறது? (உட்லண்ட்ஸ் வாசகர்)

கிளப்பை தரையில வச்சா ஷாஃப்ட் எவ்வளவு நிமிர்ந்து நிக்குதுங்கறதுதான் லை. முன்னாடி வச்சிருந்தவர் நெட்டையா இருந்து நிமிர்த்தி வளைச்சு வாங்கியிருப்பாரு போல. நிமிர்ந்த கிளப்ல டோ மேல தூக்கும், ஃபேஸ் இடது பக்கம் பார்க்கும், லாஃப்ட் கூடின வெட்ஜ்ல இது இன்னும் பளிச்சுன்னு தெரியும்.

டெஸ்ட் சுலபம். பால் மேல போர்டு மார்க்கர்ல தடிமனா ஒரு கோடு போடுங்க, அந்த கோடு ஃபேஸை பார்த்து செங்குத்தா நிக்கற மாதிரி வச்சு அடிங்க. கோடு ஃபேஸ்ல அச்சாகும். நேரா நின்னா லை சரி, கோட்டோட மேல் முனை டோ பக்கம் சாய்ஞ்சிருந்தா கிளப் ரொம்ப நிமிர்ந்திருக்கு, ஹீல் பக்கம் சாய்ஞ்சிருந்தா ரொம்ப படுத்திருக்கு. அஞ்சாறு தடவை அடிச்சு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க, ஒரே ஒரு கோட்டை நம்பாதீங்க. நிமிர்ந்ததுதான்னு தெரிஞ்சா வளைக்கற மெஷின் வச்சிருக்கறவர்கிட்ட குடுங்க. ஃபோர்ஜ்டு (அடிச்சு செஞ்ச) தலைன்னா மெத்துனு வளையும், காஸ்ட்னா (அச்சுல வார்த்தது) 1, 2 டிகிரிக்கு மேல போனா முறியற ரிஸ்க் இருக்கு, அதனால ஒத்துக்கறதுக்கு முன்னாடி அதை கேட்டுக்கோங்க. வீட்ல பைப் ரெஞ்சு போட்டு யாரும் முயற்சி பண்ண வேணாம், ஒருத்தர் பண்ணினார், அவர் பேரு வேணாம்.

9 வயசு பையனுக்கு என் பழைய 7 அயர்னை பாதியா வெட்டி குடுக்கலாமா? (திருச்சி)

கூடாது. வெட்ட வெட்ட ஷாஃப்ட் விறைப்பாகும், தலை எடை அப்படியே இருக்கும், பையனுக்கு இரும்புக் கம்பியில சுத்தியல் மாட்டின மாதிரி. தூக்கவே ரெண்டு கையும் தோளும் வளைச்சு ஒரு ஸ்விங் கத்துக்குவான், அதை அப்புறம் மாத்தறது பெரும்பாடு. ஜூனியர் கிளப்ல ஒரு அயர்னும் ஒரு புட்டரும் மட்டும் வாங்குங்க, செட்டே வேணாம், ரெண்டு வருஷத்துல வளர்ந்துடுவான்.

லீவுக்கு ஊட்டி போய் ஆடினேன், எல்லா கிளப்பும் ஒரு நம்பர் கூட போச்சு! அங்க வாடகைக்கு எடுத்த செட் மாதிரியே வாங்கலாம்னு இருக்கேன். (சேலம்)

உங்களை தூக்கி விட்டது அந்த செட் இல்லங்க, மலை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, காத்து அடர்த்தி கம்மி, பாலை பிடிச்சு இழுக்கறதும் கம்மி, கேரி கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடும், 150 அடிக்கறவருக்கு 12 யார்டு, அதாவது ஒரு கிளப். அந்த குளிர்ல அதுல கொஞ்சம் திரும்பப் போயிடும். சேலம் வந்து அடிச்சா பழைய கதைதான். காசை வச்சு இன்னொரு தடவை ஊட்டி போயிட்டு வாங்க.

கேடி பசங்க குளத்துல எடுத்த பாலை விக்கறாங்க, வாங்கலாமா? (நந்தனம்)

நான் வாங்கறேன். ரொம்ப நாள் தண்ணியில ஊறினது கொஞ்சம் தூரம் கம்மியா போகும், நம்ம லெவல்ல ஒரு பாலை எப்படியும் மூணு ஹோலுக்குள்ள தொலைச்சிடுவோம். ஆனா பக்கெட்ல கைய விட்டு கிடைச்சதை எல்லாம் அள்ளாதீங்க, ஒரே மாடலா பொறுக்குங்க. மெத்துனு இருக்கற யூரித்தேன் பால் ஒரு ஹோல்ல கிரீன்ல விழுந்ததும் நிக்கும், அடுத்த ஹோல்ல கெட்டி ரெண்டு பீஸ் பால் அதே அடிக்கு பின்பக்கம் ஓடிடும், நீங்க வெட்ஜை குத்தம் சொல்லி எனக்கு லெட்டர் போடுவீங்க. கலர் மங்கி மஞ்சளா போனதை எடுத்து தனியா வைங்க, ரெண்டாவது ஹோல் தண்ணிக்கு மேல அடிக்கும்போது அதை வச்சுக்கலாம்.