வாசகர் கேள்வி – பதில்: சிங்கப்பூரா, கோலாலம்பூரா, பாங்காக்கா?

கேள்வி: எனக்கு வயது 36, மென்பொருள் துறையில் இருக்கிறேன். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹோ சி மின் நகரம் ஆகிய நான்கு ஊர்களிலும் கிளை வைத்திருக்கும் என் நிறுவனம், எங்கே போக விருப்பம் என்று கேட்டிருக்கிறது. சம்பளம் சிங்கப்பூரில்தான் அதிகம். மனைவி வங்கியில் பணிபுரிகிறார். மகளுக்கு ஆறு வயது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நான்கு சம்பளத்தையும் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு கேள்வியை நான்கு நாடுகளுக்கும் போட்டுப் பாருங்கள்: வேலை போன மறுநாள் உங்கள் குடும்பம் எந்த நிலையில் நிற்கும்? அந்நாடுகளில் நம்மைப் போன்றவர்களின் மனைவி, பிள்ளை, வாடகை வீடு, பள்ளி எல்லாமே ஒரே ஒரு வேலை அனுமதி என்ற ஆணியில்தான் மாட்டியிருக்கின்றன. மூன்று நாடுகளில் வாழ்ந்து பார்த்த பிறகு, அந்த ஆணியின் பலத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி ரத்தானால், மூட்டை கட்டுவதற்கு வழக்கமாக 30 நாள் தருகிறார்கள். தாய்லாந்தில் வேலை முடியும் நாளோடு தங்கும் உரிமையும் முடிந்துவிடும்; குடிநுழைவு அலுவலகத்தில் போய்க் கேட்டால் 7 நாள் நீட்டிப்பு கிடைக்கும். இரண்டு இடத்திலும் உங்களைச் சார்ந்து வந்தவர்களின் அனுமதியும் கூடவே போய்விடும். ஆனால் வாடகை ஒப்பந்தம் போகாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் இரண்டாண்டு ஒப்பந்தம் எழுதும்போது ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்றொரு வரியைக் கேட்டு வாங்க வேண்டும். ஓராண்டு முடிந்த பிறகு வேலை போனாலோ இடமாற்றம் வந்தாலோ, இரண்டு மாத முன்னறிவிப்போடு வீட்டைக் காலி செய்யலாம் என்பதே அதன் பொருள். என்னுடைய முதல் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. இடமாற்றம் வந்தபோது, நான் குடியிராத வீட்டுக்கு ஐந்து மாத வாடகை கட்டினேன். குற்றம் வீட்டுக்காரருடையது அன்று, படிக்காமல் கையெழுத்திட்டது நான்தான்.

சம்பள எண்ணுக்கு வருவோம். 2025 ஜனவரி முதல், நிதித்துறை அல்லாத பிற துறைகளில் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தது 5,600 சிங்கப்பூர் வெள்ளி வேண்டும். வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். அதற்கு மேல் ‘காம்பஸ்’ என்ற புள்ளி முறையும் உண்டு. மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள 6,000 வெள்ளியும், பெற்றோரை நீண்ட காலத்துக்கு அழைத்து வைத்துக்கொள்ள 12,000 வெள்ளியும் மாதச் சம்பளமாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021 மே முதல், சார்ந்திருப்போர் அனுமதியில் வந்த துணைவர், சொந்தத் தொழில் நடத்துவோர் போன்ற சில விலக்குகள் தவிர, வேலை பார்க்க வேண்டுமானால் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற்றாக வேண்டும். எனவே, உங்கள் ஒரு சம்பளத்தை அல்ல, உங்கள் மனைவி விட்டுவிட்டு வரப்போகும் சம்பளத்தைக் கழித்த தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

வருமான வரியில் சிங்கப்பூர் தாராளம்தான். அதன் உச்ச விகிதம் 24 விழுக்காடு. மலேசியாவில் 30, தாய்லாந்திலும் வியட்நாமிலும் 35. ஆனால் மத்திய சேமநிதியான சி.பி.எஃப். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே என்பதால், முதுமைக்கான சேமிப்பை நீங்களே கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். மலேசியாவில் 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் சேமநிதி கட்டாயம். தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. சிறு துளிதான், இருந்தாலும் துளி. மலேசியாவுக்கு ஆண்டின் பிற்பகுதியில் போய்ச் சேர்ந்தால், அந்த ஆண்டில் 182 நாள் தங்கிய கணக்கு நிரம்பாததால், வரிக் கணக்கில் அங்கே வசிக்காதவருக்கான விகிதமாக 30 விழுக்காடு பிடிப்பார்கள் என்பதையும் முதல் சில மாதச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் கார் வாங்கும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்: கார் வைத்திருப்பதற்கான, பத்தாண்டுகளுக்கு மட்டும் செல்லும் உரிமைச் சான்றிதழ் ஒன்றுக்கே, 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவில் 1,50,000 வெள்ளிக்கு மேல் போனது.

பாங்காக் வாழ்க்கை இனிமையானது. மொழி தெரியாதவரையும் மரியாதையாக நடத்தும் ஊர். ஆனால் காகித வேலைக்கு ஓய்வே கிடையாது. 90 நாளுக்கு ஒருமுறை, இன்ன முகவரியில்தான் இருக்கிறேன் என்று குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ச்செங் வத்தனாவில் இருக்கும் அரசு வளாகத்துக்குக் காலையிலேயே போய் எண் சீட்டு வாங்கி உட்கார்ந்தால், முடிவில் அடுத்த தேதி அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டைப் பாஸ்போர்ட்டில் ஸ்டேப்ளர் அடித்துத் தருவார்கள். இப்போது இணையத்திலும் செய்யலாம் என்றாலும், என் பழைய பாஸ்போர்ட்டின் பின்பக்கங்களில் அந்த ஊசித் துளைகள் இன்னும் இருக்கின்றன. இது போக, நீங்கள் தங்கும் வீட்டின் உரிமையாளரும் உங்களைப் பற்றித் தனியாகத் தகவல் தர வேண்டும். அவர் தராவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

வியட்நாமில் வேலை அனுமதி அதிகபட்சம் இரண்டாண்டு, நீட்டிப்பு ஒருமுறை. சான்றிதழ்ச் சான்றுறுதி, உடற்பரிசோதனை, காவல்துறைச் சான்று என்று தொடக்கத்தில் அலைக்கழிப்பு உண்டு. இந்தியாவில் வாங்கும் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லாது என்பதைத் தெரியாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டி, விபத்துக்குப் பின் காப்பீடும் கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு. அங்கே தனியாளாகப் போகலாம். ஆறு வயது மகளோடு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தீர்ப்பு இதுதான். உங்கள் மனைவிக்குச் சிங்கப்பூரில் சொந்தமாக வேலை அனுமதி கிடைக்கும் என்றால், ஆணி இரண்டாகிவிடும். தயங்காமல் சிங்கப்பூர் போங்கள். அவர் வேலையை விட்டுத்தான் வர வேண்டும் என்றால் கோலாலம்பூரே மேல். ஒற்றைச் சம்பளத்தில் ஓரளவு விசாலமான வீடு, கார், மாதக் கடைசியில் கையில் மிச்சம் என்பது அங்கேதான் நடக்கும்.

கேள்வி: வெளிநாடு போனால் பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்கள் என்று மாமியார் அஞ்சுகிறார். இந்த நாடுகளில் தமிழ் படிக்க வழி உண்டா? – வாசகி, மதுரை

பதில்: உங்கள் மாமியாரின் அச்சம் நியாயமானதுதான்; ஆனால் சிங்கப்பூரும் மலேசியாவும் விதிவிலக்கு. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அரசுப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகவே படிக்கலாம். சிக்கல் இடம் கிடைப்பதில்தான். தொடக்கநிலை முதல் வகுப்பில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் போக மிஞ்சிய இடங்களே மற்றவர்களுக்கு. அடுத்த வகுப்புகளுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் தேறினாலும் இடம் உறுதியில்லை. மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் ஆறாம் ஆண்டு வரை தமிழிலேயே கற்பிக்கின்றன. ஆனால் அவை அந்நாட்டுத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்தவை. ஒப்பந்தத்தில் போகும் நம்மவர் பிள்ளைகள் பெரும்பாலும் பன்னாட்டுப் பள்ளிகளுக்குத்தான் போகிறார்கள், அங்கே தமிழ் அரிது. பாங்காக் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஹோ சி மின் நகரத்திலும் இருக்கிறது. பள்ளிக்கூடத் தமிழை அங்கெல்லாம் எதிர்பார்க்க முடியாது. மகன் இருந்தால் இன்னொன்றையும் யோசித்துவிடுங்கள்: பெற்றோர் வழியாகச் சிங்கப்பூர் நிரந்தரவாசம் பெறும் பையன்களுக்கு இரண்டாண்டு தேசிய சேவை (ராணுவம், காவல்துறை போன்றவற்றில் கட்டாயப் பணி) கடமை.

கேள்வி: நான் 62 வயது, ஓய்வு பெற்றவன், சர்க்கரை நோய் உண்டு. தாய்லாந்திலோ மலேசியாவிலோ மனைவியுடன் குடியேறலாமா? – வாசகர், சேலம்

பதில்: தாய்லாந்தின் ஓய்வுக்கால விசா 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. அங்குள்ள வங்கியில் 8,00,000 பாட் இருப்பாகவோ, மாதம் 65,000 பாட் வருமானமாகவோ காட்ட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வேலை பார்க்கக் கூடாது. மலேசியாவின் ‘இரண்டாம் இல்லம்’ என்ற நீண்டகாலத் தங்கல் திட்டத்தின் வெள்ளிப் (சில்வர்) பிரிவுக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையும், குறைந்தது 6,00,000 ரிங்கிட்டில் ஒரு வீடும் வேண்டும். இரண்டையும் கூட்டினால், இந்தியர் ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளியே அனுப்பக்கூடிய 2,50,000 டாலர் வரம்பைத் தாண்டிவிடும். எனவே மனைவியின் வரம்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் இரண்டு நிதியாண்டுகளாகப் பிரிக்க வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விசாவை விசாரிப்பதற்கு முன், அந்த நோயையும் உள்ளடக்கி மருத்துவக் காப்பீடு தர அங்கே யாராவது முன்வருகிறார்களா, என்ன விலைக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் வந்த பிறகு மற்றதைப் பேசலாம்.

கேள்வி: பாங்காக்கில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ வேலை, நல்ல சம்பளம், விமானச் சீட்டும் இலவசம், சுற்றுலாப் பயணியாகப் போனால் போதும் என்று ஓர் ஏஜெண்ட் என் மகனிடம் சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். அனுப்பலாமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: அனுப்பாதீர்கள். சுற்றுலாவாக நுழைந்து வேலை பார்ப்பது தாய்லாந்தில் குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இதே பெயரில் வேலை சொல்லி, தாய்லாந்து வரை அழைத்துப்போய், அங்கிருந்து எல்லையோர ஊரான மே சோட் வழியாக ஆற்றைக் கடத்தி, மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் இளைஞர்களை ஒப்படைத்த சம்பவங்கள் பல. வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதைதான். உண்மையான நிறுவனம் என்றால், பணியமர்த்துபவரே வேலைக்கான விசாவுக்குரிய கடிதங்களைத் தயாரித்து அனுப்பும். அதை வைத்துத் தாய்லாந்துத் தூதரகத்தில் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அதை நாளைக்குப் பாருங்கள். இன்றைக்கே போய் உங்கள் மகனின் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள், தர மறுத்தால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.