52-ல் 38 போனால் 26

ஐயா, வணக்கம்.

தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 52-ல் 38 போனால் 26 என்று ஒரு பையன் எழுதுகிறான். கடன் வாங்கிக் கழிப்பதைப் பலமுறை போட்டுக் காட்டியாயிற்று. "நல்லா யோசிச்சுதான் சொல்றியா?" என்றால் உடனே அடித்துவிட்டு வேறு ஏதோ எண்ணை எழுதுகிறான். ஏழு வயது வரை தர்க்கம் வராது என்று உளவியலாளர் பியாஜே சொன்னதாகப் பயிற்சியில் படித்தோம். காத்திருப்பதுதான் வழியா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

காத்திருக்க வேண்டாம். அந்த 26 சும்மா வந்ததில்லை. 2-ல் 8 போகாது, அதனால் 8-லிருந்து 2-ஐ எடுத்திருக்கிறான், 6. 5-ல் 3 போனால் 2. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று நாம் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகத்தான் செய்கிறான். பியாஜேயே 1920 வாக்கில் பாரிஸில் குழந்தைகளுக்கு அறிவுச் சோதனை வைக்கும் வேலையில் இருந்தபோது இந்த மாதிரித் தப்பு விடைகளின் பின்னால்தான் போனார். நம் பயிற்சி வகுப்புகள் அதை விட்டுவிட்டு எந்த வயதில் எது வரும் என்ற பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டன (தேர்வில் கேட்க வசதி!).

அந்தப் பட்டியலும் அவ்வளவு கெட்டியில்லை. பியாஜேயின் சோதனை ஒன்றில், இரண்டு வரிசையில் சமமாக வில்லைகளை அடுக்கி, ஒரு வரிசையைக் கலைத்து நீட்டிவிட்டு "இப்பவும் சமமா?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் பலர் இல்லை என்பார்கள். 1974-ல் வெளியான, உளவியலாளர்கள் மெக்காரிகில், மார்கரெட் டொனால்ட்சன் செய்த ஆய்வில் வரிசையைக் கலைத்தது ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை; நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சமம்தான் என்றார்கள். பெரியவர் ஒருவரே வேண்டுமென்று கலைத்துவிட்டுத் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டால், வேறு பதிலை எதிர்பார்க்கிறார் போல என்று பிள்ளை நினைக்காதா என்ன? உங்கள் பையனும் அப்படித்தான். தப்பாகச் சொன்னால் மட்டும்தான் டீச்சர் "யோசிச்சியா" என்பார் என்பது அவனுக்கு அத்துப்படி. சரியாகப் போட்ட கணக்குக்கும் "எப்படிப் போட்டே?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள்.

அப்புறம், கரும்பலகையை விட்டுக் குச்சிக்கு வாருங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு, உதிரி இரண்டு. அதிலிருந்து 38 கேளுங்கள். மூன்று கட்டைத் தந்துவிட்டு எட்டுக்கு முழிப்பான். நம் கை பரபரக்கும் இடம் அதுதான், அவிழ்த்துக் கொடுத்துவிடாதீர்கள், "கட்டுக்குள்ளே எத்தனை இருக்கு?" என்று மட்டும் கேட்கலாம். மீதியை அவனே எண்ணி அந்த 26-க்குப் பக்கத்தில் எழுதட்டும், எது சரி என்பதையும் அவனே சொல்லட்டும். ஒரு பீரியட் முழுக்க இதற்கே போனாலும் பரவாயில்லை.