"வதவதவ" கலத்தில் எண்ணிக்கை குறைவது ஏன்

வணக்கம். வெற்றியை "வ" என்றும் தோல்வியை "த" என்றும் குறித்துள்ள தாளில், "வதவதவ" என்ற கலத்தில் "வதவ" இருமுறை இருந்தும் பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் எண்ணிக்கை தரும் கவுண்ட் (str.count) 1 என்றே காட்டுவதாகக் கேட்டிருந்தீர்கள். உங்கள் நிரலில் பிழையில்லை. ஒரு பொருத்தம் கிடைத்ததும் அதன் எழுத்துகளைக் கடந்துபோய் அடுத்த எழுத்திலிருந்தே தேடல் தொடர்வதால், இரண்டுக்கும் பொதுவான நடு "வ" முதல் பொருத்தத்தோடு செலவாகிவிடுகிறது. எக்செலில் சப்ஸ்டிடியூட் (SUBSTITUTE) கொண்டு "வதவ"வை நீக்கி, குறைந்த நீளத்தை 3ஆல் வகுக்கும் வழியும் இதே காரணத்தால்தான் 1 தருகிறது. தேடும் தொடரை (?=வதவ) என்று எழுதுங்கள். அது எழுத்துகளை விழுங்காமல் ஒவ்வோர் இடத்திலும் நின்று முன்னே பார்ப்பதால் 2 கிடைக்கும்.

முடிவுகள் கலத்துக்கு ஒன்றாகக் கீழ்நோக்கி அமைந்திருந்தால், அவற்றை ஒரே சரமாக ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கேனும் ஒரு கலத்தில் ஈரெழுத்து இருந்துவிட்டால் இல்லாத பொருத்தம் உருவாகிவிடும். பாண்டாஸின் ஷிஃப்ட் (shift) கொண்டு நெடுவரிசையை ஓரிடமும் ஈரிடமும் மேலே நகர்த்தி, அந்த வரிசையில் "வ", அடுத்ததில் "த", அதற்கடுத்ததில் "வ" என்ற மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே பொருந்தும் வரிசைகளைக் கூட்டுவதே நம்பகமானது. ஆட்டக்காரர்கள் பலர் இருப்பின் குரூப்பை (groupby) கொண்டு ஆட்டக்காரர் வாரியாகப் பிரித்த பிறகே நகர்த்துங்கள். இல்லையேல் ஒருவரின் கடைசி ஆட்டமும் அடுத்தவரின் முதல் ஆட்டமும் சேர்த்து எண்ணப்படும்.